மூடிக்கூடையில் வந்த கண்டல்

விமலகுமாரி ஆற்றுக் கடவில் இறங்கும்போது இடதுகாலைத்தான் முதலில் தண்ணீரில் வைப்பாள். வலதுகால் கரைச் சேற்றிலேயே நிற்கும். அதன் பெருவிரலும் அடுத்த விரலும் சேற்றைத் துழாவும். பச்சையாக ஏதாவது முளைத்து நின்றால் இரண்டு விரலுக்கும் நடுவில் இடுக்கி, வேரோடு பிடுங்கி, குனியாமலேயே ஆற்றுக்குள் எறிவாள். அதன்பிறகுதான் வலதுகாலும் தண்ணீரைத் தொடும். துணி துவைக்கப் போனாலும் மீன் கழுவப் போனாலும் இதே முறைதான். கணவர் பொன்னுதாஸை அடக்கம் செய்துவிட்டு வந்து குளிக்க இறங்கிய அன்றும் அந்த விரல்கள் சேற்றைத் துழாவியதைக் கண்டவர்கள் உண்டு.

அவள் பிடுங்குவது கண்டல் நாற்று, உப்புத்தண்ணீர்ச் சேற்றில் காடாகிற அலையாத்தி. நெய்யாறு கடலில் விழுவதற்குச் சற்று மேலே, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து கிடக்கும் கரையில் இருக்கிறது புளிமூட்டுக்கடவு. கண்டல் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கும். விழுந்தால் ஒழுக்கில் மிதந்து வந்து, சேறு கண்ட இடத்தில் குத்தி நின்றுவிடும். விமலகுமாரியின் பத்து சென்ட் நிலம் சாலையோரத்திலிருந்து சரிந்து நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. மிதந்து வருகிறதெல்லாம் அங்கேதான் வந்து ஒதுங்கும்.

மரத்தோடு அவளுக்குத் தனியாக ஒரு பகையும் கிடையாது. அது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்து நிலம் சொக்கநாதனுடையது. அவருடைய தாத்தா ராஜா காலத்துக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர். இவர் நெய்யாற்றின்கரையில் உரக்கடை வைத்திருக்கிறார். கடவுக்குப் போகும் நடைவழியை அவர் முள்வேலி போட்டு அடைத்த அதே வருடம், தன் மகள் மஞ்சுவுக்கு வீடு கட்ட அஸ்திவாரமும் தோண்டினார். இடத்தைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவரை விமலகுமாரி தன் நிலம் வழியாகக் கூட்டிக்கொண்டு போய், பின்பக்கம் காடாக நின்ற கண்டலைக் கைநீட்டிக் காட்டினாள். கண்டல் நிற்கிற இடத்தில் கட்டடம் எழுப்பக் கூடாது என்று வேலை நின்றுபோனது. தோண்டிய குழியில் இப்போது தவளை கிடக்கிறது. மஞ்சு பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

அந்த வாரமே கரையோரத்துக்காரர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் ஓரத்தில் நாற்றுப் பிடுங்க ஆரம்பித்தார்கள். விமலகுமாரியின் கால்விரல் பழக்கமும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அடுத்தவன் வீட்டை நிறுத்திய மரம் தன் வீட்டையும் நிறுத்தும் என்று கணக்குத் தெரியாதவளா அவள்?

அவளுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. தனக்காக அல்ல, மருமகளுக்காக. மகன் சஜின் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவன் மனைவி ஜிஜா காட்டாக்கடைக்காரி. மாமியும் மருமகளும் ஒரே அடுக்களையில் இருந்தார்கள். ஜிஜா மூடி வைக்கும் பானையை விமலகுமாரி திறந்து பார்ப்பாள். ஜிஜா வைத்த மீன்குழம்பில், அவள் பார்க்கவே, இன்னும் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றுவாள். மாமி குழம்பு வைக்கும் நாளில் ஜிஜா அதைத் தட்டில் விட்டுக்கொள்ள மாட்டாள். சோற்றில் பப்படத்தைப் பொடித்து, சத்தம் கேட்கும்படி தின்பாள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போன காரியம் ஒன்றே ஒன்றுதான்: நிலத்தின் கீழ்ப்பாதியில் சஜினுக்கு ஒரு வீடு எழும்ப வேண்டும், ஜிஜா அங்கே போய்த் தொலைய வேண்டும். வீட்டின் வரைபடத்தை அலமாரியிலிருந்து இவள் ஒரு நேரம் எடுத்துப் பார்ப்பாள், அவள் ஒரு நேரம் எடுத்துப் பார்ப்பாள். இரண்டு பேர் கண்ணும் அந்தப் புது அடுக்களையின் மேல்தான் நிற்கும்.

விமலகுமாரியின் நிலத்துக்கு இன்னொரு பக்கம், சாலையோரத்து மேட்டில், ஸ்டெல்லாபாயின் வீடு. பொன்னுதாஸின் அக்காள். பாகம் வைத்தபோது மேட்டு நிலம் அக்காளுக்கும் பள்ளத்து நிலம் தம்பிக்கும் போனதிலிருந்து இரண்டு பெண்களும் பேசுவதில்லை. பேச்சுக்குப் பதிலாகச் சபையில் ஏலம் கேட்டார்கள். அறுப்பின் பண்டிகை அன்று, ஆராதனை முடிந்ததும், சபையார் கொண்டுவந்து படைத்த வாழைக்குலை, தேங்காய், கோழி, கேக் எல்லாவற்றையும் ஆலய முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஸ்டெல்லாபாய் கேட்ட பொருளை விமலகுமாரி விட மாட்டாள், விமலகுமாரி கேட்டதை ஸ்டெல்லாபாய் விட மாட்டாள். ஏலம் விடுகிற கமிட்டிக்காரர் விஜயதாஸ் இந்தப் பகையைக் கோழிக்குஞ்சைப் போலப் பொத்திப் பாதுகாத்துவந்தார். பண்டிகை வசூலில் நல்ல பங்கு அதிலிருந்துதான் வந்தது.

கடைசி ஏலம் எப்போதும் மூடிக்கூடை. வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஏதோ ஒன்றைக் கூடையில் வைத்துத் துணியால் கட்டிக் கொண்டுவருவார்கள். உள்ளே என்ன என்று ஏலம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு முறை உண்டு. கூடையில் வந்தது கர்த்தருக்குப் படைத்து அவர் கையிலிருந்து திரும்ப வந்தது. தின்கிறதைத் தின்ன வேண்டும், வளர்க்கிறதை வளர்க்க வேண்டும், விற்கவோ எறியவோ கூடாது. ஒரு தடவை கூடையில் வந்த சேவலை ஒருவர் போகிற வழியிலேயே விற்றுவிட்டு, அந்த மாதமே மாடிப்படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அது மழைபெய்து பாசி பிடித்த படி என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வாலிபர் சங்கத்துச் செயலாளர் அனூப். கல்லூரியில் படித்துவிட்டு, கண்டல் வளர்க்கிற ஒரு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கால்வாய்க் கரையெல்லாம் அவர்கள் நாற்று வைப்பதும், ஆடு பாதியைத் தின்பதும், கரைக்காரர்கள் மீதியைப் பிடுங்குவதுமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய தை மாதப் பண்டிகையில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சாமிக்குப் படைத்ததை யாரும் பிடுங்க மாட்டார்கள் அல்லவா? ஏலம் எடுக்கிற வசதியானவர் யாராவது ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஓடைக்கரையில் நட்டுவிடுவார் என்று அவன் நினைத்திருந்தான். அந்த இரண்டு பெண்களை அவன் யோசிக்கவே இல்லை.

ஸ்டெல்லாபாய் கேட்டாள். விமலகுமாரி ஏற்றினாள். மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கூடைக்குள் என்ன இருக்கிறது என்று கர்த்தருக்கும் அனூப்புக்கும் மட்டும்தான் தெரியும் என்று விஜயதாஸ் இரண்டு பக்கமும் பார்த்து எண்ணெய் ஊற்றினார். அனூப் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான், அவர் தட்டிவிட்டார். கடைசியில் ஸ்டெல்லாபாய் வாயை மூடிக்கொண்டாள். விமலகுமாரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய், எல்லாரும் பார்க்கத் துணியை அவிழ்த்தாள்.

கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில், தடித்த இலைகளோடு, நெருக்கியடித்து நின்றது கண்டல். காலூன்றி வேர்விடும் பெரிய ஜாதி. பிராந்தன் கண்டல், பைத்தியக்காரக் கண்டல், என்று அந்தப் பக்கத்தில் பெயர்.

முற்றத்தில் யாரோ தும்மினார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி முன்வரிசைக்கு வந்தது. ஸ்டெல்லாபாய் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, கூடைக்குள் எட்டிப் பார்த்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகப் பேசினாள்.

"பிராந்துக்குப் பிராந்து சேந்தாச்சு. கொண்டுபோயி வச்சு வளத்து ஆளாக்கு, விமலா. நான் வேலிக்க மேல நிண்ணு பாக்கேன்."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விமலகுமாரி வீட்டுக்கு வரும்வரை கழுத்து நிமிர்ந்தே இருந்தது. வீட்டில் இறக்கி வைத்ததும் ஜிஜா பார்த்தாள்.

"மாமி, இத ஆத்தில தட்டுங்க. இதுக்குப் போயி எதுக்காக்கும் இந்தப் பாடு?"

"ஒனக்க புருசன் கரண்டு கம்பியில கை வச்சுப் பிழைக்கியவன். அவனுக்கு ஒண்ணு வந்தா நீயாக்கும் பதில் சொல்லுவா?"

ஜிஜா சுவருக்குக் கேட்கும்படி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆற்றில் எறிய முடியாது. தன் நிலத்தில் நட முடியாது. விமலகுமாரி வேறு இடம் தேடினாள். போதகரிடம் போய் ஆலயத்து ஓடைக்கரையைக் கேட்டாள். அவருக்குச் சம்மதம்தான், கமிட்டிக்குச் சம்மதமில்லை. அங்கே கல்யாண மண்டபம் கட்ட யோசனை இருக்கிறது, கண்டலைக் கொண்டுவந்து காரியத்தைக் கெடுக்க வேண்டாம் என்றார்கள். கூடைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்தபிறகும் ஏலப் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டவர்கள் அவர்கள்தான். குன்னத்துகாலில் இருந்த தன் தம்பியைக் கேட்டாள். அவன் ரப்பர் தோட்டத்தில் உப்புமரம் எப்படி வளரும் என்று போனை வைத்துவிட்டான்.

மிச்சமிருந்தது சொக்கநாதன். அவர் நிலத்தில்தான் ஏற்கெனவே கண்டல் நிற்கிறதே. இன்னும் நாலு நின்றால் என்ன கெட்டுப்போகும்? கூடையோடு போய் அவருடைய வாசலில் நின்றாள். அவர் மனைவி உமையம்மாள் கதவைத் திறந்து, ஆளைப் பார்த்ததும் உள்ளே போனாள். சொக்கநாதன் வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, உங்க கண்டலுக்க ஓரத்தில இத ஒண்ணு வச்சுட்டுப் போறேன்."

"நான் வச்சு வளத்தினதா அது? தானா நிக்கியது. தானா நிண்ணதுக்கே எனக்க மகளுக்க வீடு போச்சு. நீ கையால நட்டு, ஒனக்க மகனுக்க வீட்டப் போக்கு. அப்பமாக்கும் சரியாவும்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

திரும்பி வருகிற வழியில் விமலகுமாரிக்கு ஒரு வழி தோன்றியது. நட வேண்டும் என்றுதான் முறை. பிழைக்க வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? கண்டலுக்குச் சேறு வேண்டும், ஏறி இறங்குகிற தண்ணீர் வேண்டும். அவளுடைய நிலத்தின் கீழ்ப்பாதியில், தண்ணீர் எட்டாத இடத்தில், மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்குக்கு, மண்ணைக் கூட்டி வைத்த மேடுகள் வரிசையாக இருந்தன. வீடு வரவேண்டிய இடம் அதுதான். வீடு வரும்வரை சும்மா கிடக்க வேண்டாம் என்று கிழங்கு போட்டிருந்தாள். அந்த மேடுகளுக்கு நடுவில் புதிதாக மேடு கூட்டி, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கண்டலை நட்டாள். மரச்சீனிக்கு இடுவதுபோலச் சாம்பலும் இட்டாள். காய்ந்து சாகட்டும். சாவது கர்த்தர் பாடு, தன் கை சுத்தம்.

ஸ்டெல்லாபாய் சொன்னபடியே வேலிக்கு மேல்பக்கத்து மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடியைச் சிக்கெடுக்கிற சாக்கில் காலையும் மாலையும் அங்கேதான் நின்றாள். ஞாயிறுதோறும் சபைப் பெண்கள் விமலகுமாரியிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோலக் கூடையைப் பற்றிக் கேட்டார்கள். வாடுகிறது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் இலையைத் தொட்டுப் பார்ப்பாள். நுனி மஞ்சளாகிக்கொண்டு வந்தது. சஜினிடம் பேசி, வீட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கச் சொன்னாள்.

மாசி பாதியில் பொழி அடைத்தது. ஆற்றில் ஒழுக்கு குறையும் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை மூடிவிடும். போக வழியில்லாமல் தண்ணீர் காயலில் தேங்கி நிற்கும். எல்லா வருடமும் நடப்பதுதான். கரையோர வீடுகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் ஆள் திரண்டு மணலை வெட்டிப் பொழியைத் திறந்துவிடுவார்கள். இந்தத் தடவை எந்தப் பக்கத்தில் வெட்டுவது என்று மீன்பிடி வள்ளக்காரர்களுக்கும் சுற்றுலாப் படகுக்காரர்களுக்கும் சண்டை வந்தது. ஒரு நாள் வெட்டப் போனவர்களை மறுதரப்பு மண்வெட்டியைப் பிடுங்கி அடித்தது. போலீஸ் வந்தது. வழக்கு, பேச்சுவார்த்தை என்று வாரங்கள் போயின. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. விமலகுமாரியின் நிலத்தில் கீழ்ப்பாதி முழுக்கப் பரவி, மரச்சீனி மேடுகளின் இடுப்புவரை நின்றது. கண்டல் மேடுகளின் உச்சி மட்டும் ஈரம் குடித்துக்கொண்டு மேலே தெரிந்தது.

பொழியை வெட்டி, தண்ணீர் வடிந்தபோது, மரச்சீனி மூட்டோடு அழுகி நாறியது. கண்டல் தளிர்விட்டிருந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. மேடு கரைந்து, அதைச் சுற்றி ஆறு கொண்டுவந்த கறுப்புச் சேறு படிந்திருந்தது. அதற்குப் பிறகு, கடல் தண்ணீர் ஏறிவருகிற பெரிய வேலியேற்றத்தின்போதெல்லாம், தண்ணீர் தானே தோண்டிய சாலில் உள்ளே வந்து போக ஆரம்பித்தது.

கால்வாய்க் கரையில் அனூப்பின் ஆட்கள் வைத்தவை எல்லாம் அந்தத் தண்ணீரில் மூழ்கி அழுகிப்போயிருந்தன. செய்தி கேட்டு அவன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். சேற்றில் முட்டுக்கால் போட்டுப் படம் எடுத்தார்கள். ஒரு பலகை வைக்கலாமா என்று அனூப் கேட்டான். மரம் காற்றிலிருந்து எடுக்கிற கரி இலையிலும் வேரிலும் சேர்ந்து சேற்றுக்குள் போகிறது, அந்தச் சேற்றில் காற்றுப் புகாது, அதனால் கரி வெளியே வராமல் நூறு வருடத்துக்கும் மேலே அடியில் கிடக்கும், வண்டிப்புகையால் சூடேறுகிற உலகத்துக்கு இது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனான். விமலகுமாரி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"கரிய சேத்துவைக்க எனக்க அடுக்களை போராதா மக்கா? ஒனக்க கூடையாக்கும் எனக்க மகனுக்க வீட்டுக்குக் கொள்ளி வச்சது. பலகையும் கொண்டு போ, நீயும் போ."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் மீன் கழுவிய தண்ணீரை அவன் செருப்புக்குப் பக்கத்தில் ஊற்றினாள்.

வைகாசியில், வீட்டு விண்ணப்பத்தின்பேரில் இடத்தைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். விமலகுமாரி அவரைச் சாலையோரத்திலேயே நிறுத்தி, இளநீர் வெட்டிக் கொடுத்து, அளவு சொல்லி அனுப்பிவிடலாம் என்று இருந்தாள். வேலிக்கு அந்தப்புறம் சொக்கநாதன் வெள்ளை வேட்டியோடு தயாராக நின்றார். முள்வேலியில் ஒரு இடத்தைத் திறந்தும் வைத்திருந்தார்.

"சார், இப்பிடி வாங்க. வழி நான் காட்டித் தாறேன்."

வந்தவர் போனார், பார்த்தார், எழுதினார். நட்டது யார் என்று கேட்டார். வரிசையைப் பார்த்தாலே கைவைத்து நட்டது தெரிந்தது. விமலகுமாரி நான்தான் என்றாள். ஏன் என்று கேட்டார். சபை ஏலத்தைப் பற்றி அவரிடம் என்ன சொல்ல? கண்டலை ஆசையாக நட்டு வளர்க்கிற முதல் ஆளை இந்தக் கரையில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். சொக்கநாதன் சிரித்ததை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். மேல்பல் ஒன்று இல்லை.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நிலத்தில் கண்டல் உள்ளது, மேலிடத்து அபிப்பிராயம் தெரியும்வரை கட்ட முடியாது. சஜின் போனில் கத்தினான். ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொன்னான். எழுதிக்கொண்டு போன பிறகு பிடுங்கினால் வழக்கு வரும் என்று விமலகுமாரி சொன்னாள். அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை, கம்பியில் கை வைக்கிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் மத்தியானம், மாமி கண்ணயர்ந்த நேரம் பார்த்து, ஜிஜா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். நைட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு முதல் மேட்டில் ஒரு வெட்டு வெட்டினாள். ஈரச் சேற்றில் மண்வெட்டி விழுந்த சத்தம் வீடுவரை கேட்டது. இரண்டாவது வெட்டுக்கு அவள் கையை ஓங்கியபோது விமலகுமாரி முன்னால் நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"தொடாதே."

"மாறுங்க மாமி. எனக்கு உங்க சபையும் இல்ல, உங்க கூடையும் இல்ல. எனக்கு வீடு வேணும்."

"எனக்கும் வேணும். உன்ன இந்த அடுக்களையில இருந்து இறக்கிவிட நான் எத்தற வருசமா ஜெபிக்கேன் தெரியுமா?"

"பின்ன என்னத்துக்கு மறிக்கியீங்க?"

"எனக்க பிள்ளைக்க உயிர வச்சு எனக்குப் பரீட்ச பாக்க முடியாது. வெட்டணும்ணா எனக்க காலில வெட்டு."

ஜிஜா மண்வெட்டியை இறக்கவும் இல்லை, ஓங்கவும் இல்லை. வேலிக்கு மேலே ஸ்டெல்லாபாய் சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டு நின்றாள். சொக்கநாதன் வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. ஜிஜா இரண்டு பக்கமும் பார்த்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாமியாரை வெட்டுகிறவளாக நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. மண்வெட்டியைச் சேற்றில் எறிந்துவிட்டு ஏறிப் போனாள். அன்று மாலை அவள் தனக்கென்று ஒரு சிலிண்டரும் அடுப்பும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெட்டுப்பட்ட கண்டல் சாய்ந்துபோயிருந்தது. விமலகுமாரி அதற்குக் கம்பு ஊன்றிக் கட்டினாள். கட்டும்போது அதைத் திட்டிக்கொண்டேதான் கட்டினாள்.

இப்போது கண்டல் அவள் தோள் உயரத்துக்கு வளர்ந்து, பக்கவாட்டில் வேரை இறக்கிவிட்டது. மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. அனூப் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் சொக்கநாதனின் நிலத்தில் நின்றுதான் காட்டுகிறான். விமலகுமாரி உள்ளே விடுவதில்லை. சஜினின் வீடு வரைபடத்தோடு நிற்கிறது. ஒரே அடுக்களையில் இரண்டு அடுப்பு எரிகிறது, மாமியும் மருமகளும் பேசுவதில்லை.